காலிக் கல்வெட்டைப் பாக்க உதவின எல்லாருக்கும் நன்றி

வணக்கம். போன ஞாயிறு எங்கட வெள்ளவத்தைத் தமிழ் வகுப்புப் பிள்ளையள் 14 பேரைக் கூட்டிக்கொண்டு கொழும்பு நூதனசாலைக்குப் போய் காலி நகரத்தில கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டைப் பாத்துட்டு வந்தம், கை குடுத்த ஆக்களுக்கு போன் எடுத்துச் சொல்லியும் எனக்கு மனம் ஆறேல்ல, அதான் எல்லாரும் பாக்க எழுதுறன்.

லைப்ரரி அக்கா, பேராசிரியர் பரணவிதான வாசிச்ச தமிழ்ப் பாடத்தைப் பெரிசா பிரின்ட் எடுத்துத் தந்தது நீங்கள்தான். அது இல்லாட்டி கல்லுக்கு முன்னால சும்மா நிண்டுட்டு வந்திருப்பம். அந்தக் கல் 1409 இல சீனாவில வெட்டி, மிங் அரசற்ற தளபதி செங் ஹேயின்ர கப்பலில இஞ்ச வந்தது. வலப்பக்கம் சீனத்தில புத்தருக்கு, இடப்பக்கம் மேல தமிழில தேவேந்திரமுனை விஷ்ணுவுக்கு, அதான் தேனவரை நாயனாருக்கு, அதுக்குக் கீழ பாரசீகத்தில அல்லாஹ்வுக்கு. மூண்டு பேருக்கும் பொன், வெள்ளி, பட்டு எண்டு காணிக்கைக் கணக்கு. அந்த நாயனாற்ற கோயிலை 1588 இல போர்த்துக்கேயர் இடிச்சுப் போட்டினம், கல்லில அவற்ற பேர் மட்டும் இண்டைக்கும் இருக்கு.

தமிழ் எழுத்து லேசில பிடிபடேல்ல, தேய்ஞ்சும் போச்சு, அந்தக் காலத்தில புள்ளியும் பெரிசா வைக்கிறேல்ல. அங்க வேலை செய்யிற ஒரு ஐயா, சிங்களவர், நாங்கள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கிறதைக் கண்டுட்டு தன்ர ரோச்சைக் கொண்டந்து நேர அடிக்காமப் பக்கத்தில இருந்து சாய்ச்சுப் பிடிச்சார், வெட்டின இடமெல்லாம் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிண்டிச்சு. எங்கட கடைசிச் சின்னவள் ‘டீச்சர், நா, நா!’ எண்டு கத்தினாள். நாயனார்ர ‘நா’. அந்த ஐயாவுக்கு சிங்களத்தில எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு பிள்ளையள் வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்ததுகள், அவர் சிரிச்சுட்டுப் போயிட்டார்.

பாரசீகப் பகுதியப் பத்திச் சொல்லித் தந்த மௌலவிக்கும், சீன எழுத்தை மேல இருந்து கீழ வாசிக்கிறதெண்டு விரலால காட்டின, பெய்ஜிங்கில படிச்ச தம்பிக்கும், காத்து நிண்டதுக்குக் காசே வாங்காத வேன் அண்ணாவுக்கும் நன்றி.

இன்னொருத்தரையும் நினைக்கிறன். 1911 இல காலியில ஒரு மதகை மூடி, எழுத்துப் பக்கம் கீழ கவிண்டு கிடந்த இந்தக் கல்லைக் கண்டுபிடிச்சது ஒரு எஞ்சினியர். மதகு மூடின பலகைக்கல் தானே எண்டு அவர் விட்டிருந்தா ஆர் கேட்டிருப்பினம்? புரட்டிப் பாத்தாரே, அதுக்கு ஆயிரம் நன்றி.

லைப்ரரி அக்கா, உங்கட பிரின்ட் என்னட்டத்தான் இருக்கு. சின்னவள் அதில ‘நா’ வாற இடமெல்லாம் பென்சிலால வட்டம் போட்டு வச்சிருக்கிறாள், அழிக்க மனம் வரேல்ல, அப்பிடியே கொண்டந்து தாறன்.