பழைய மெல்லிஃபான்ட் மடத்தைக் காட்டித் தந்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

அயர்லாந்தின் லௌத் மாவட்டத்தில், மேட்டக் ஆற்றங்கரையில் இருக்கும் மெல்லிஃபான்ட் மடத்தை எங்கள் குழுவுக்கு விளக்கிய வழிகாட்டிகளுக்கு முதல் நன்றி. 1142இல் புனித மலாக்கி நிறுவிய இம்மடமே அந்நாட்டின் முதல் சிஸ்டர்சியன் மடம் (சிஸ்டர்சியன் என்பது பிரான்சில் தோன்றிய கத்தோலிக்கத் துறவற சபை). இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அடித்தளக் கற்கள்தான். சொல்லித்தர ஆளில்லாவிட்டால் புல்தரையில் கல்வரிசை மட்டுமே தெரியும்.

சிலுவை வடிவத் தேவாலயத்தின் குறுக்குக் கைகளில் அரைவட்டக் கோடும் சதுரக் கோடும் பின்னிக் கிடந்து குழப்புகின்றன. 1157இல் அர்ச்சிக்கப்பட்ட முதல் ஆலயத்தில் சில சிற்றாலயங்கள் அரைவட்டமாக இருந்தன. பின்னர் எடுத்துக் கட்டியபோது சதுரமாயின. இதை முதலிலேயே சொன்னீர்கள், தரைப்படம் பிடிபட்டது. எண்கோணக் கைகழுவும் மண்டபத்தில் நான்கு பக்கங்களே நிற்கின்றன. எல்லாரும் அதைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எதிரே உணவுக்கூடத்தின் அடித்தளத்தைக் கண்டுகொண்டால்தான் அது ஏன் அங்கே நிற்கிறது என்பது விளங்கும்.

சண்டைகளை மழுப்பாமல் சொன்னதற்குத் தனி நன்றி. பிரான்சிலிருந்து வந்த துறவிகள் ஐரிஷ்காரர்களோடு ஒத்துப்போகாமல் ஊர் திரும்பியது. 1216இல் சபையின் மேலிடம் அனுப்பிய ஆய்வாளர்களை மடத்துக்குள் விட மறுத்தது. 1228இல் சபையின் ஆய்வாளராக வந்த லெக்சிங்டன் ஸ்டீபன், பிரெஞ்சிலோ லத்தீனிலோ பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்யத் தெரியாதவரைத் துறவியாகச் சேர்க்கக் கூடாதென விதித்து, கிளை மடங்களையும் வெளிநாட்டு மடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஒழுங்கு குலைந்திருந்தது உண்மையே. ஆனால் அந்த விதியில் அதிகாரப் போட்டியும் இருந்தது என்ற உங்கள் கருத்து எங்களுக்கும் சரியென்றே படுகிறது. ஐரிஷ் சிற்றரசர் ஒருவரின் மனைவியான டெர்வோர்கிலாவை, கடத்தப்பட்டு அயர்லாந்து மீதான நார்மன் படையெடுப்புக்குக் காரணமானவள் என்று மட்டும் சொல்லி முடிக்காமல், 1157இல் 60 அவுன்ஸ் தங்கம் கொடுத்தவராகவும், 1193இல் இங்கேயே இறந்தவராகவும் அறிமுகப்படுத்தினீர்களே, அதுவும் நன்று.

1539இல் மடம் மூடப்பட்டு, பின்னர் மூர் குடும்பத்தின் கோட்டை வீடானது. 1603 மார்ச் 30 அன்று, ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட ஐரிஷ் தலைவர் ஹியூ ஓ'நீல் இங்கேதான் சரணடைந்தார். இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் ஆறு நாள் முன்பே இறந்திருந்தார். அயர்லாந்தில் ராணியின் பிரதிநிதியாக இருந்த மவுன்ட்ஜாய் பிரபு அந்தச் செய்தியை ஓ'நீலிடமிருந்து மறைத்துவிட்டார்.

1950களில் அகழாய்வு செய்தவர்களுக்கும், புல்லை ஒட்ட வெட்டிக் கற்களைக் காத்துவரும் பணியாளர்களுக்கும், ட்ரொஹெடாவிலிருந்து வேனில் கூட்டிவந்த ஓட்டுநருக்கும் நன்றி. இனிப் போகிறவர்களுக்கு: வரவேற்பு மையம் கோடைக்காலத்தில்தான் திறந்திருக்கும். கல்வரிசைக்குள் இறங்குமுன் அங்கே தரைப்படத்தைப் பார்த்துவிடுங்கள். புல் ஈரமாக இருக்கும், வழுக்காத காலணி அவசியம்.

நன்றியுடன்,
தமிழ்ப் பயணக் குழுவினர்