தூள் உதிர்வது பற்றியும் ‘வெறும் தண்ணீர்’ பற்றியும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாக வாட்ஸாப்பில் ஒரு படம் சுற்றுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஓட்டுக்கூரைக்கு அடியில், தரையில், வெளிர்நிறத் தூள் சிறு குவியலாகக் கிடக்கிறது. “மருந்து என்று சொல்லி வெறும் தண்ணீரை அடித்துவிட்டுப் போனார்கள், ஆறே மாதத்தில் தூள் கொட்டுகிறது” என்று அதன் கீழே எழுதியிருக்கிறது. அந்த வீட்டு மரத்துக்குப் பூச்சி மருந்து அடித்தது எங்கள் பட்டறைதான். படத்தை அனுப்பி “என்ன விஷயம்?” என்று நேரடியாகக் கேட்டவர்களுக்கு முதலில் நன்றி. கேட்கத் தயங்கி இருப்பவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறோம்.

வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு நாங்கள் அடிப்பது பார்வைக்குத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். நிறம் கிடையாது, வாடை கிடையாது. 10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெண்காரம், 400 கிராம் போரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால்தான் இந்த அளவு கரையும். ஒன்றை மட்டும் இவ்வளவு போட்டால் ஆறியதும் அடியில் படிந்துவிடும். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவது, அது காய்வதற்குள் மூன்றாவது என்று ஈரத்தின் மேல் ஈரமாக அடிக்கிறோம். மரம் மிகவும் காய்ந்திருந்தால் முன்னதாக நல்ல தண்ணீர் தெளித்துக்கொள்கிறோம், ஏனென்றால் இந்த உப்பு ஈரத்தின் வழியாகத்தான் உள்ளே நகரும். காய்ந்த பிறகு மேலே ஒன்றும் தெரியாது. சில இடங்களில் உப்புப் பூத்தது போல வெள்ளையாக நிற்கும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

கரைப்பானில் கலந்து வரும் மருந்துகள் மூக்கைப் பிடிக்கும். அந்த வாடை இருந்தால்தான் மருந்து என்று பலரும் நினைப்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் வாடை என்பது கரைப்பான் காற்றில் போவது, மருந்தின் வீரியம் அல்ல. வெண்காரம் ஆவியாவதில்லை. மழை அரித்துக் கொண்டுபோகாத வரை மரத்துக்குள்ளேயே இருக்கும். படுக்கும் அறைக்கு மேலே இருக்கும் கைமரத்துக்கு (கூரையின் சாய்வுக் கட்டைக்கு) அதைத்தான் அடிக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. மழை அரித்துவிடும் என்பதால்தான் சாரல் படும் திண்ணைத் தூணுக்கும், வெளி வாசற்படிக்கும் அதை அடிக்க மாட்டோம் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறோம்.

அப்படியானால் தூள் ஏன் கொட்டுகிறது? படத்தில் இருக்கும் தூள் மாவு போல நைசாக இருக்கிறது. அது உளு வண்டின் தூள். கரையானுடையது அல்ல. காய்ந்த மரத்திலேயே குடியிருக்கும் கரையான் தள்ளும் கழிவு கசகசா மாதிரி மணி மணியாக விழும், பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரியும். உளு வண்டு மரத்தின் வெள்ளைப் பகுதியில் இருக்கும் மாவுச்சத்துக்காக வருகிறது. வைரம் பாய்ந்த பழைய உத்திரத்தை அது தொடுவதில்லை. அந்த வீட்டிலும் பழைய உத்திரங்கள் சுத்தமாகவே இருக்கின்றன. தூள் வருவது ஓடு மாற்றும்போது புதிதாகப் போட்ட, ஓடு உட்காரும் ரீப்பர் கட்டைகளிலிருந்து. அந்த ரீப்பர்கள் எங்கள் வழியாக வாங்கியவை அல்ல. பாதிக் கட்டை வெள்ளையாகவே இருந்தது.

வண்டு முட்டையிட்டு, புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வெளியே வரச் சில மாதங்கள் முதல் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். நாங்கள் மருந்து அடித்த அன்று ஆழத்தில் இருந்த புழு அங்கேயே வளர்ந்து, வண்டாகி, துளைத்துக்கொண்டு வெளியே வரும். 1 முதல் 2 மில்லிமீட்டர் துளை, அதன் கீழே தூள். அந்த வண்டு திரும்ப முட்டையிட்டால், பொரிக்கும் புழு மருந்து ஊறிய மரத்தைத் தின்று சாகும். அதனால் முதல் வருடம் கொஞ்சம் தூள் வருவது எதிர்பார்க்க வேண்டியதுதான். இது தவிர, பழைய துளைகளில் அடைந்து கிடக்கும் தூள் கதவை ஓங்கிச் சாத்தினாலும், ஓட்டின் மேல் பூனை நடந்தாலும் கொட்டும்.

எது பழையது, எது புதியது என்று நீங்களே பார்த்துவிடலாம். கைமரத்தையும் ரீப்பரையும் மரச்சுத்தியலால் லேசாகத் தட்டி, உள்ளே இருக்கும் தூளை உதிர்த்துப் பெருக்கிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் துளைகளைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கீழே கறுப்புக் காகிதம் விரித்துத் தேதி எழுதிவைத்து 14 நாள் கழித்துப் பாருங்கள். புதுத் துளையின் உள்விளிம்பு வெட்டிய மரம் போல வெளிறி இருக்கும், பழையது கறுத்திருக்கும். வட்டம் இல்லாத இடத்தில் வெளிறிய துளை இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். வட்டத்துக்குள் மட்டும் கொஞ்சம் உதிர்ந்திருந்தால் கவலை வேண்டாம்.

‘வெறும் தண்ணீர்’ என்ற சொல்தான் எங்களை அதிகம் வருத்துகிறது. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, அதை இனி ஒவ்வொரு வீட்டிலும் உங்கள் கண்முன்னே செய்து காட்டப்போகிறோம். 10 கிராம் மஞ்சள்தூளை 90 கிராம் எத்தில் ஆல்கஹாலில் ஊறவைத்துத் தெளிய விட்டு வடிகட்டுகிறோம். மருந்து அடித்த மரத்தில் ஒரு சிறு சீவலை எடுத்து அதன் மேல் இந்தத் தெளிவைத் தடவுகிறோம். மரம் மஞ்சளாகும். அது காய்ந்ததும், சாலிசிலிக் அமிலம் கரைத்த ஆல்கஹாலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த இரண்டாவது கரைசலைத் தடவுகிறோம். வெண்காரத்திலும் போரிக் அமிலத்திலும் உள்ள போரான் இருக்கும் இடம் சில நிமிடத்தில் நல்ல சிவப்பாக மாறும். இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். எத்தனை மில்லிமீட்டர் ஆழம் வரை மருந்து இறங்கியிருக்கிறது என்பது அந்தச் சிவப்புக் கோட்டில் தெரிந்துவிடும். சுண்ணாம்பு பட்டாலும் மஞ்சள் சிவக்குமே என்று ஒருவர் கேட்டார், சரியான கேள்வி. சுண்ணாம்பினால் வந்த சிவப்பு, அமிலம் பட்டதும் மஞ்சளுக்கே திரும்பிவிடும். போரானால் வந்தது அமிலம் பட்ட பிறகுதான் தோன்றும், நிற்கும். அமிலம் என்பதால் இதை வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம்.

அந்த வீட்டு ரீப்பர் சீவல்களிலும் இதைச் செய்தோம். கீழ்முகம் சிவந்தது. மேல்முகம் சிவக்கவில்லை. ரீப்பர்களுக்கு வார்னிஷ் அடித்து, மேலே ஓடும் போட்ட பிறகுதான் வேலை எங்களிடம் வந்தது. வார்னிஷ் மேல் அடித்தால் மருந்து வழிந்து போகுமே தவிர இறங்காது. கீழ்முகத்தைச் சுரண்டி அடித்தோம், மேல்முகத்துக்கு ஓட்டைப் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டாம் என்று வீட்டார் சொன்னார்கள், நாங்களும் சரி என்றோம். மேல்முகம் காப்பில்லாமல் இருக்கும் என்று அன்றே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அது எங்கள் தவறு, அதற்காக அவர்களிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். ஓட்டைப் பிரித்து, வெள்ளை அதிகமுள்ள கட்டைகளை மாற்றி, மற்றவற்றுக்கு நான்கு பக்கமும் அடித்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

இதிலிருந்து உங்களிடம் ஒரு கோரிக்கை. பாலிஷ், வார்னிஷ், பெயின்ட் எதுவானாலும் மருந்துக்குப் பிறகு, மரம் நன்றாகக் காய்ந்த பிறகு. முன்னால் வேண்டாம். மிகப் பழைய பெயின்ட் என்றால் உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அதில் ஈயம் இருக்கக்கூடும். ஈரப்படுத்தித் தேய்த்து, கழிவைத் துணியில் வழித்து எடுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். காயும்போது அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மண்ணிலிருந்து ஏறும் கரையானுக்கு இந்த மருந்து மட்டும் போதாது. சுவரில் மண்குழாய் தெரிந்தால் அடித்தளத்தை ஒட்டிய மண்ணுக்குத் தனி மருந்து வேண்டும், அது வேறு வேலை.

தூண் அடி வேலைக்குப் பதிந்தவர்களுக்கு: நீண்ட காலம் எங்களோடு இருந்த இரண்டு தச்சர்கள் விலகியிருக்கிறார்கள். தூணை ஜாக்கி வைத்து நாளுக்கு 2, 3 மில்லிமீட்டராகத் தூக்கி, இத்துப்போன பகுதிக்கு மேல் இன்னும் 15 சென்டிமீட்டர் நல்ல மரம் வரை வெட்டி, தூணின் கனத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்குச் சரிவு ஒட்டு (இரண்டு துண்டையும் சாய்வாகச் சீவிப் பொருத்துவது) போடும் வேலை அது. 15 சென்டிமீட்டர் தூணுக்கு 45 சென்டிமீட்டர் ஒட்டு. பழகாத கையில் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை, அதனால் தாமதமாகிறது. காத்திருக்கும் நேரத்தில் தயவுசெய்து தூணடியைச் சிமென்ட் வைத்துப் பூசிவிடாதீர்கள். சிமென்ட் காய்ந்து சுருங்கும், மரம் பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரியும், நடுவில் முடியளவு இடைவெளி விழும். அதில் இறங்கும் மழைத்தண்ணீருக்கு வெளியேற வழி இருக்காது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரம் இற்றுப்போவதில்லை. சிமென்ட் தொப்பிக்குள் இருக்கும் மரம் அந்த அளவுக்குக் காய்வதே கடினம். தூணடியைச் சுற்றி மண்ணை விலக்கி, கல் தெரியும்படி வைத்தால் அதுவே பாதி வைத்தியம்.

பதப்படுத்திய மரத்தின் விலையும் கூலியும் ஏறியிருப்பதால், மழைக்காலம் முடிந்ததும் செய்யும் வருடாந்திரப் பார்வைக்கு இந்த முறையிலிருந்து கட்டணம் உண்டு. மஞ்சள் சோதனைக்குக் கட்டணம் இல்லை, பழைய வேலைகளில் அதைச் செய்தாலும் கிடையாது.

படத்தைப் பார்த்த பிறகும் “அவர்கள் வேலை எங்களுக்குத் தெரியும்” என்று குழுக்களில் எங்களுக்காகப் பேசியவர்கள் இருக்கிறீர்கள். இரண்டு தலைமுறையாக ஒரே வீட்டு வேலையை எங்களிடமே கொடுத்து வருகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. உங்கள் வீட்டில் சந்தேகம் இருக்கும் கட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்துவிட்டுத் தொலைபேசியில் சொல்லுங்கள். சீவல் எடுக்க நாங்கள் வருகிறோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து