ஹம்ஸ்டர் வாங்கினால் முதல் மூன்று நாளும் தொடாதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் பிள்ளைகள் ஹம்ஸ்டர் வாங்கித் தரச்சொல்லி நிற்கிறார்கள். ஆடு, மாடு, கோழி வளர்த்த கைப்பழக்கத்தோடேயே நாங்கள் எலி போன்ற இந்தச் சின்னச் சீவனையும் வளர்க்கப் பார்க்கிறோம். ஒரு கிழமைக்குள் அது செத்துப்போனால் "ஆயுள் அவ்வளவுதான்" என்று சொல்லி முற்றத்தில் புதைத்துவிடுகிறோம். ஒழுங்காகப் பார்த்தால் இரண்டு, இரண்டரை வருடம் இருக்கக்கூடிய பிராணி அது. எங்கள் மண்ணில் அதற்கு முதல் எதிரி வெக்கை. அடுத்தது, ஆசை தாங்காமல் நாங்கள் அதை ஓயாமல் தூக்குவது.

ஹம்ஸ்டருக்கு ஏற்ற சூடு 18 முதல் 24 பாகை செல்சியஸ். சித்திரை தொடங்கி ஆவணி வரை வன்னியின் பகல் 33 பாகையைத் தாண்டுவது வழமை. தகரக் கூரைக்குக் கீழே அதைவிடக் கூட. சிரியா நாட்டு வறண்ட நிலத்துப் பிராணிதானே, வெயில் தாங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அலெப்போப் பக்கத்து வயல்களில் அது அரை மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் வளை தோண்டி அதற்குள்தான் கிடக்கிறது. எங்கள் கூட்டில் அந்த ஆழம் இல்லை. ஆகவே வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையைத் தேடுங்கள். யன்னல் வெயில், குசினிப் புகை, நுளம்புத்திரி, சாம்பிராணி எதுவும் அங்கே எட்டக்கூடாது. ஃபேனை நேரே திருப்பிவிடுவதில் பயனில்லை. அதற்கு எங்களைப்போல வியர்ப்பதில்லை, காற்று கண்ணைத்தான் உலர்த்தும்.

மண்சட்டி இதற்கு நல்ல வீடு. சின்னச் சட்டி ஒன்றின் விளிம்பில் 7 சென்ரிமீற்றர் அகலத்துக்கு வாசல் உடைத்து, கூரான இடங்களைக் கருங்கல்லில் தேய்த்து மழுக்கிக் கவிழ்த்து வையுங்கள். மத்தியானத்தில் சட்டியின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் உள்ளே சூடு தணியும். மிகக் கடுமையான நாளில், உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிக் கூட்டுக்கு வெளியே ஒரு பக்கம் மட்டும் சாத்துங்கள். குளிர் கூடினால் அது மறுபக்கம் விலகிப்போகும். உடம்பை நீட்டிச் சோர்ந்து கிடந்து, வாய் எச்சில் ஊற, வேகமாக மூச்சு வாங்கினால் வெக்கை தாக்கிவிட்டது என்று அர்த்தம். உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, சாதாரண தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் கிடத்துங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

கூட்டின் தளம் ஆகக் குறைந்தது 100 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம் இருக்கட்டும். பெரிய பிளாஸ்ரிக் பெட்டி வாங்கி மூடியையும் ஒரு பக்கத்தையும் வெட்டி, 6 மில்லிமீற்றர்க் கண் கம்பிவலை அடித்தால் காற்றும் வரும், சாரைப்பாம்பும் பூனையும் வாய் வைக்காது. முழுக்க மூடிய கண்ணாடித் தொட்டி எங்கள் சூட்டுக்குச் சரிவராது. பலகை வாங்கில் வைத்து, நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய பேணிகளில் இறக்கிவிடுங்கள், எறும்பு ஏறாது. எறும்புக்கு மருந்து அடிக்கவே கூடாது.

கீழே 15 முதல் 20 சென்ரிமீற்றருக்கு, மை படாத வெள்ளைக் கடதாசியைக் கிழித்து நிரப்புங்கள். மர ஆலைத் தூள் மூச்சை அடைக்கும். எந்த மரம், என்ன மருந்து பூசியது என்றும் தெரியாது. உமியும் கூடாது, அதன் முனை தீனியை அடக்கிவைக்கும் கன்னப்பையைக் குத்தும். மெத்தென்று இருக்கட்டும் என்று பஞ்சு போடுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். இழை காலில் சுற்றி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், விழுங்கினால் குடலை அடைக்கும். ஓடும் சில்லு பெரிய இனமான சிரிய ஹம்ஸ்டருக்கு 28 சென்ரிமீற்றர் விட்டம், குட்டை இனத்துக்கு 20. கம்பி இடைவெளி உள்ள சில்லில் கால் முறியும். தளம் முழுதாக மூடியிருக்க வேண்டும்.

வவுனியாவில் வாங்கி மாங்குளத்துக்கோ முல்லைத்தீவுக்கோ கொண்டுபோவதென்றால் காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். கடைக்கூட்டில் கிடந்த பழைய படுக்கையில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிப் பெட்டிக்குள் போடுங்கள், ஒரு துண்டு கெக்கரிக்காயும் வையுங்கள். ஹம்ஸ்டருக்குக் கண்பார்வை மட்டு. மணத்தாலேதான் உலகத்தை அறியும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய படுக்கையைச் சட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கூட்டுக்குள் திறந்துவிட்டு, அதுவாக வெளியே வரும்வரை விலகி நில்லுங்கள்.

அதன்பிறகு மூன்று நாள் கை வைக்கக்கூடாது. விளக்கு வைக்கிற நேரம் சாப்பாடும் தண்ணீரும் மாற்றுவதோடு சரி. முதல் இரவு அது சட்டியை விட்டு வெளியே வராமலே இருக்கலாம், செத்துவிட்டதோ என்று கிளறாதீர்கள். காலையில் தானியம் குறைந்திருந்தால் போதும். நாலாம் நாள் கூட்டருகே இருந்து மெதுவாகக் கதையுங்கள். ஐந்தாம், ஆறாம் நாள் சோப்பு மணமில்லாமல் கழுவிய கையை உள்ளே தரையில் மலர்த்தி, ஒரு சூரியகாந்தி விதை வைத்துக் காத்திருங்கள். முதலில் விரலை முகரும், பிறகு விதையைப் பறித்துக்கொண்டு ஓடும், ஒருநாள் உள்ளங்கையில் குந்தியிருந்தே கொறிக்கும். மேலிருந்து கை இறங்கினால் அதற்குப் பருந்துதான், கடிக்கும். தூக்கும்போது நிலத்தில் இருந்துகொண்டு இரண்டு கையாலும் ஏந்துங்கள்; உயரம் அதற்குத் தெரியாது, குதித்துவிடும். பகலில் நித்திரையைக் கலைப்பது பெரிய பாவம்.

பத்துப் பதினாலு நாளுக்குக் கூட்டை முழுதாகக் கழுவவேண்டாம். தன் மணம் போனால் திரும்பப் பயந்துவிடும். சிறுநீர் நனைந்த மூலையை மட்டும் அள்ளுங்கள். குளிப்பாட்டவும் வேண்டாம், கழுவி, வறுத்து, ஆறவிட்ட ஆற்றுமணல் ஒரு தட்டில் இருந்தால் அதில் புரண்டு தன்னைத் துப்புரவாக்கிக்கொள்ளும். அது நக்கிக் குடிக்கும் தண்ணீர்ப் போத்தலின் முனைக் குண்டை நாளும் விரலால் தட்டிப் பாருங்கள், கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்தால் அடைத்துக்கொள்ளும்.

சாப்பாடு பெரிய இனத்துக்கு நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி. தினை, சாமை, குரக்கன் நல்லது, கிழமைக்கு இரண்டு தரம் நகமளவு அவித்த முட்டை. உப்பு, சீனி, வெங்காயம், தேசிக்காய், தோடம்பழம் ஆகாது.

சோடியாக விற்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். "தனிய இருந்தால் ஏங்கிவிடும்" என்று கடையில் சொல்வார்கள். சிரிய ஹம்ஸ்டர் வளர்ந்தபின் தனியாக வாழும் பிராணி. ஒரே கூட்டில் இரண்டை விட்டால் ஒன்றை ஒன்று கொல்லும்வரை சண்டை பிடிக்கும்; ஆணும் பெண்ணுமென்றால் பதினாறு நாளில் குட்டி.

இடம்மாறிய அதிர்ச்சியில், புதிதாக வாங்கிய இளம் ஹம்ஸ்டர்களுக்குக் கடும் வயிற்றோட்டம் வரலாம். வால்பகுதி நனைந்து நாறும், முதுகு கூனும், சாப்பிடாது. இரண்டு நாள்கூடத் தாங்காமல் போகலாம், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போகவேண்டும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற அமொக்சிசிலினைக் கரைத்துப் பருக்காதீர்கள். பெனிசிலின் வகை மருந்துகள் ஹம்ஸ்டரின் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, நஞ்சு கக்கும் கிருமியைப் பெருகவிடும். போகும்போது நனைந்த படுக்கையில் கொஞ்சத்தையும் பையில் கட்டிக்கொண்டு போங்கள், வைத்தியர் எச்சத்தைப் பார்க்கக் கேட்பார்.

இப்படிக்கு,
செல்லப்பிராணி வளர்க்கும் வாசகர்கள் சிலர்,
கிளிநொச்சி.