உன் சிரிப்பும் என் சந்தேகமும்

அன்பு மகளுக்கு,

ஆய்வேடு ஏற்கப்பட்டதைச் சொன்ன கையோடு ஒரு கேள்வியும் கேட்டாயே: "அப்பா, இப்போ இவ்வளவு சந்தோஷமா இருக்கிறது நானா, பைபோலாரா?" உற்சாகம் அளவு மீறி ஏறுவதும் மனச்சோர்வில் விழுவதுமாக மாறி மாறி வரும் இந்த மனநோய் போனில் பேசி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்க்கிற எனக்கு அது தெரியாதும்மா. ஆனால் நீ கண்டுபிடிக்கலாம். கொஞ்ச நாளாக இது பற்றிய உளவியல் ஆய்வுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று உன் அம்மா கேலி செய்கிறாள். பயப்படாதே, மருந்து விஷயத்தில் நான் தலையிடப் போவதில்லை. அது உனக்கும் டாக்டருக்கும் இடையில் உள்ளது. உளவியலாளர்கள் சொல்லும் வழிகளும் மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியவைதான், அதற்குப் பதிலாக அல்ல.

1999-இல் இங்கிலாந்தில் 69 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லோரும் பைபோலார் உள்ளவர்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களோடு ஓர் உளவியலாளர் கூடுதலாகச் சில முறை உட்கார்ந்து பேசினார். முன்பு மேனியா, அதாவது அந்த அளவு மீறிய உற்சாக நிலை, வந்ததற்குச் சற்று முந்தைய நாட்களில் என்னென்ன மாறியது என்பதை அவர்களே கண்டுபிடித்து எழுத வேண்டும். அது மறுபடி தெரிந்தால் யாரிடம் போவது என்பதையும் தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் கால்வாசிப் பேருக்கு 17 வாரத்துக்குள் மேனியா திரும்பியது. பயிற்சி பெற்றவர்களில் அதே கால்வாசிக்கு 65 வாரம் ஆனது. மனச்சோர்வு திரும்புவதை மட்டும் அந்தப் பயிற்சி தள்ளிப்போடவில்லை.

எண்ணை விட எனக்குப் பிடித்தது, அந்தப் பட்டியல் ஆளுக்கு ஆள் வேறு என்பது. ஒருவர் நள்ளிரவில் பழைய நண்பர்களுக்கு வரிசையாகப் போன் போடுவார். இன்னொருவர் ஒரே வாரத்தில் நாலு புதுத் திட்டம் தொடங்குவார். சிரிப்பு, கலகலப்பு என்று பொதுவாக எழுதிவைத்தால் அப்புறம் நம் வீட்டில் யாருமே வாய்விட்டுச் சிரிக்க முடியாது! அதனால் உன் பட்டியலை நான் எழுதக் கூடாது. நீதான் எழுத வேண்டும்.

இன்னொன்று உன் கேள்விக்கு நேராகவே வருகிறது. ஷெரி ஜான்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பாடுபட்ட இலக்கு கைகூடிய பிறகு வரும் இரண்டு மாதங்களில் மேனியா அறிகுறிகள் கூடுவதைக் கண்டார். துக்கம்தான் ஆளைச் சாய்க்கும் என்று நினைத்திருந்த எனக்கு இது புதிது. அதற்காகக் கொண்டாடாதே என்று சொல்வேனா? நன்றாகக் கொண்டாடு. தூக்கத்தை மட்டும் அதற்குப் பலி கொடுத்துவிடாதே. வேலை மிகுதியால் தூக்கம் குறைந்து காலையில் அசதியாக எழுந்தால் அது யாருக்கும் வருவது. மூன்று மணி நேரமே தூங்கிவிட்டு அசதியே இல்லாமல் துள்ளி எழுந்தால் டாக்டரைக் கூப்பிடு.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எல்லன் ஃபிராங்க் என்ற உளவியலாளர், தூக்கமும் அன்றாட ஒழுங்கும் குலையாமல் காப்பதை ஒரு சிகிச்சையாகவே வளர்த்திருக்கிறார். எழும் நேரம், முதல் ஆளோடு பேசும் நேரம், வேலை தொடங்கும் நேரம், சாப்பாடு, படுக்கை: இவற்றைக் குறித்துவைத்து, நாள்தோறும் பெரிதாக மாறாமல் பார்த்துக்கொள்வது. கேட்கச் சப்பென்று இருக்கும். ஊர் மாறி வேலைக்குப் போகப்போகும் உனக்கு முதலில் குலைவது இதுதான் என்பதால் சொல்கிறேன்.

சரி, நான் கேட்பது இதுதான். பட்டியலை எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அதில் உள்ளது கண்ணில் பட்டால் மட்டும் கேட்கிறேன். இல்லாததை உன் சுபாவம் என்று விட்டுவிடுகிறேன். மனச்சோர்வு நாட்களுக்குத் தனியாக ஒரு தாள் வை: நான் பேச வேண்டுமா, வந்து சும்மா கூட இருந்தால் போதுமா என்று. "மாத்திரை போட்டாச்சா?" என்பதை எந்தத் தாளில் சேர்ப்பது, அல்லது அடியோடு நீக்குவதா என்பதையும் நீயே முடிவு பண்ணு.

அன்புடன்,
அப்பா