நீதி கேட்கும் வினாவை நிறுத்துங்கள்

ஆங்கில இலக்கிய இளங்கலை வினாத்தாள்களைத் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். கோல்ரிட்ஜின் முதிய மாலுமிக் கவிதை பாடமாக இருந்தால், 'இக்கவிதை உணர்த்தும் நீதி யாது?' என்ற வினாவும் கூடவே வந்துவிடுகிறது. மாணவர்களும் சளைக்காமல் எழுதுகிறார்கள்: பறவையைக் கொன்றான், தண்டனை பெற்றான், உயிர்களை நேசித்தான், மன்னிக்கப்பட்டான். மதிப்பெண்ணும் விழுகிறது. தயவுசெய்து அந்த வினாவை நிறுத்திவிடுங்கள்.

கவிதையைக் கணக்குப் பார்த்துப் படியுங்கள். அல்பட்ராஸை எய்தவன் ஒருவன்; செத்தவர்கள் அவனோடு கப்பலில் இருந்த 200 பேர். அவர்கள் செய்ததெல்லாம், முதலில் அவனைத் திட்டிவிட்டு, பனிமூட்டம் விலகியதும் 'கொன்றது சரிதான்' என்று மாற்றிப் பேசியது. பேய்க்கப்பலில் வரும் இருவரும், அதாவது மரணமும் அதன் துணையான ஒரு பெண்ணும், எதையும் விசாரிப்பதில்லை, பகடை உருட்டுகிறார்கள். வென்றவளின் கையில் கொன்றவன் சிக்குகிறான், மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். கடலுக்கடியில் பின்தொடரும் துருவ ஆவிக்கு இருப்பதும் பறவைமேல் வைத்த அன்பின் கோபம்தான். விடுதலையும் இப்படியே: தண்ணீர்ப் பாம்புகளைத் தன்னை அறியாமல் வாழ்த்துகிறான், கப்பலில் இருந்தவர்கள் அவன் கழுத்தில் தொங்கவிட்ட பறவை கடலில் விழுகிறது. ஆனாலும் கடன் தீரவில்லை. தவம் செய்துவிட்டான், இன்னும் செய்வான் என்கிறது ஒரு குரல். கரை சேர்ந்த பிறகும் அவ்வப்போது வேதனை எழும். கதையைச் சொன்னால்தான் அடங்கும். குற்றத்துக்கு அளவான தண்டனை இதில் எங்கே?

அந்த ஒழுங்கைப் பெரும்பாலும் கொண்டுவந்தவை ஓரக்குறிப்புகள், அதாவது செய்யுளின் ஓரத்தில் அச்சான உரைநடை விளக்கங்கள். 1798-இல் வந்த முதல் பதிப்பில் அவை கிடையாது. 1817-இல் கோல்ரிட்ஜே சேர்த்தார். கப்பலில் இருந்தவர்கள் குற்றத்துக்கு உடந்தையானார்கள் என்று தீர்ப்பெழுதுவது அக்குறிப்புதான், செய்யுள் அல்ல. பரிமேலழகர் சொன்னதை வள்ளுவர் சொன்னதாக எழுதினால் சண்டைக்கு வரும் நாம், இங்கே மட்டும் உரையை மூலமாக்கிவிடுகிறோம்.

கவிதையில் நீதி இல்லை என்று அக்காலக் கவிஞர் அன்னா பார்பால்ட் குறைசொன்னார். கோல்ரிட்ஜ் சொன்ன பதில் 1830-ஆம் ஆண்டு உரையாடல் பதிவில் இருக்கிறது: நீதி அதிகமாகிவிட்டதுதான் குறையாம். ஆயிரத்தொரு இரவுகளில் ஒரு வணிகன் பேரீச்சங்கொட்டையை எறிகிறான். அது தன் மகனின் கண்ணைப் பறித்துவிட்டதென்று பூதம் கொல்ல வருகிறது. தன் கவிதையும் அந்தக் கதையளவு நீதியோடு நின்றிருக்க வேண்டும் என்கிறார்.

எல்லா உயிர்களையும் நன்றாக நேசிப்பவனே நன்றாகப் பிரார்த்திக்கிறான் என்று மாலுமி முடிவில் சொல்வது உண்மை. ஆனால் மணவிழாவுக்குப் போனவனை நிறுத்தித்தான் மாலுமி இந்தக் கதையைச் சொல்கிறான்; அதைக் கேட்ட அந்த விருந்தாளி ஆறுதல் அடையவில்லை. அடிபட்டவனைப் போல மணவீட்டு வாசலிலிருந்தே திரும்பிப் போகிறான். நம் வழிகாட்டி நூல்கள் இந்த இடத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

என் கோரிக்கை இதுதான்: முதல் பதிப்பின் பகடைக் காட்சியையும் 1817 ஓரக்குறிப்பையும் அருகருகே அச்சிட்டு, 'இங்கே தண்டிப்பது யார்?' என்று கேளுங்கள். விடைக்குறிப்பு எழுதச் சிரமமாக இருக்கும். இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் இலக்கிய வாசகர்