அடுத்த கிருமி வர்ற வரைக்கும் நாங்க எங்க போறது?

தொற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குறவங்க, லேபுக்கு ஆள் எடுக்குறவங்க, பொது சுகாதாரத்துல புதுப் பதவி உருவாக்குற அதிகாரம் உள்ளவங்க எல்லாருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளா எனக்கு ஒரே மாதிரி கேள்வியா வருது. மைக்ரோபயாலஜி முடிச்ச பொண்ணு கேக்குது, கால்நடை மருத்துவம் படிக்கிற தம்பி கேக்குறான், ஐடில டேட்டா வேலை பாக்குற ஒருத்தர் கேக்குறார், புதுசு புதுசா கிளம்புற தொற்றுநோய்ங்க பக்கம் வேலைக்கு வரலாமா, அதுல எதிர்காலம் இருக்கான்னு. வேலை எப்படி இருக்கும்னு கேட்டா ராத்திரி முழுக்க உக்காந்து சொல்லுவேன். எதிர்காலம் இருக்கான்னு கேட்டா பதில் என்கிட்ட இல்ல, உங்ககிட்டதான் இருக்கு, அதனாலதான் இந்த மடல்.

மொதல்ல இந்த வேலைன்னா என்னன்னு உங்கள்ல சில பேருக்கே சரியா தெரியலையோன்னு எனக்கு ஒரு சந்தேகம் (தப்பா எடுத்துக்காதீங்க). சினிமால காட்டுற மாதிரி காத்து ஊதின டிரெஸ் போட்டுட்டு பிஎஸ்எல்-4 லேபுக்குள்ள (ரொம்ப ஆபத்தான கிருமிகளுக்கான உச்சப் பாதுகாப்பு லேப்) நடக்குறவங்க இந்தத் துறையில ரொம்ப ரொம்ப கம்மி. மத்தவங்க எல்லாம் கேஸ் பட்டியல் போடுறவங்க, சாம்பிள் பிரிக்கிறவங்க, வௌவால் பிடிக்கிறவங்க, சாக்கடைத் தண்ணிய டெஸ்ட் பண்றவங்க, ஜீனோம் (கிருமியோட முழு மரபணுத் தொகுப்பு) டேட்டாவோட மல்லுக்கட்டுறவங்க, வீடு வீடா போயி கேள்வி கேக்குறவங்க.

நிபாங்கற வைரஸோட கதையை எடுத்துக்கோங்க. 1998 கடைசியில மலேசியாவுல பன்னிப் பண்ணையில வேலை பாத்தவங்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்துச்சு. கொசு பரப்புற ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான்னு நினைச்சு தடுப்பூசி போட்டாங்க, கொசு மருந்து அடிச்சாங்க, ஒண்ணும் கேக்கல. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சின்னப் பிள்ளைங்களைத்தான் தாக்கும், இங்க படுத்ததெல்லாம் பன்னியைத் தொட்டு வேலை பாத்த பெரிய ஆளுங்க, தடுப்பூசி போட்டவங்களுக்கும் வந்துச்சு, பன்னிங்களும் சேர்ந்து இருமிச்சு. இது இடிக்குதேன்னு விடாம பிடிச்சவர் காவ் பிங் சுவா, மலாயா பல்கலைக்கழகத்துல இருந்த வைரஸ் ஆராய்ச்சியாளர். 1999 மார்ச்ல நோயாளியோட சாம்பிள்ல இருந்து வைரஸை செல்லுல வளர்த்து, அமெரிக்காவுல ஃபோர்ட் காலின்ஸ்ல இருக்குற சிடிசி (அமெரிக்க அரசோட நோய்க் கட்டுப்பாட்டு மையம்) லேபுக்கு தானே கொண்டு போயி எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தப்பதான் இது வேற குடும்பத்து வைரஸ்னு தெரிஞ்சுது. மொத்தத்துல 100 பேருக்கு மேல செத்தாங்க, 10 லட்சத்துக்கு மேல பன்னிங்களைக் கொன்னாங்க.

அதே நிபா பங்களாதேஷ்ல வேற வழியில வந்துச்சு. 2004 கடைசி, 2005 ஆரம்பத்துல டாங்கைல் மாவட்டத்துல நோய் வந்தவங்க வராதவங்க ரெண்டு பக்கமும் உக்காந்து பேசி, என்ன குடிச்சீங்க எங்க போனீங்கன்னு கேட்டுக் கேட்டு, பச்சையா குடிச்ச ஈச்சம் பதநீர்தான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. பிறகு மரத்துல இன்ஃப்ராரெட் கேமரா வச்சுப் பாத்தா ராத்திரியில வௌவால் வந்து பதநீர் வடியுற இடத்தை நக்கிட்டுப் போகுது. அதுக்கு மூங்கில்ல ஒரு பாவாடை மாதிரி பின்னி மரத்தைச் சுத்தி மறைச்சா வௌவால் வர்றது நிக்குதான்னும் சோதிச்சாங்க. இந்த வேலையில எபிடெமியாலஜிஸ்ட் (நோய் யாருக்கு எப்படிப் பரவுதுன்னு ஆராயுறவங்க) இருந்தாங்க, மானுடவியல் படிச்சவங்க இருந்தாங்க, வனவிலங்கு ஆளுங்க இருந்தாங்க. இப்ப சொல்லுங்க, உங்க நிறுவனத்துல மானுடவியல் படிச்ச ஒருத்தருக்கு வைரஸ் பக்கம் ஒரு நிரந்தர நாற்காலி இருக்கா?

லேபுக்குள்ள வாங்க. பிசிஆர் மெஷின் (கிருமியோட மரபணுவை சைக்கிள் சைக்கிளா பெருக்கிக் கண்டுபிடிக்கிறது) 37வது சைக்கிள்ல, அதாவது ரொம்பக் கடைசியில, ஒரு சாம்பிளை பாசிட்டிவ்னு காட்டும். புதுசா சேர்ந்தவர் அப்படியே ரிப்போர்ட்ல எழுதிடுவார். அஞ்சாறு வருஷம் கை பழகின டெக்னீஷியன் அந்த நம்பரை நம்பாம கிராஃபைத் திறந்து பாப்பாங்க, கோடு சரியா வளைஞ்சு மேல ஏறுதா இல்ல சும்மா சாஞ்சு சாஞ்சு போகுதான்னு, பக்கத்து குழியில இருந்த சாம்பிள் ரொம்ப ஸ்ட்ராங்கா இருந்து தெறிச்சிருக்குமோ, வெறும் தண்ணி வச்ச கன்ட்ரோல்லயும் கடைசியில ஏதாவது எழும்புதான்னு பாத்துட்டு, மறுபடி முதல்ல இருந்து சாம்பிள்ல இருந்து ஆர்என்ஏவை (வைரஸோட மரபணுப் பொருள்) பிரிச்சு ஓட்டுவாங்க. யாரும் சொல்லாமலே செய்வாங்க. இது எந்த மேனுவல்லயும் முழுசா இருக்காது. இந்த மாதிரி ஒருத்தரை ஒரு வருஷ கான்ட்ராக்ட்ல வச்சிருந்து ப்ராஜெக்ட் முடிஞ்சதும் அனுப்பிட்டா என்ன போகுது தெரியுமா, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத் திறந்தா பெட்டி பெட்டியா டியூப் இருக்கும், மேல ஏதோ சுருக்கெழுத்து, அது எந்த ஊரு எந்த வருஷம் எந்த நோயாளின்னு தெரிஞ்ச ஒரே ஆளு இப்ப மருந்து கம்பெனில சேல்ஸ்ல இருப்பாங்க. கரண்ட் பில் மட்டும் நீங்க கட்டிட்டு இருப்பீங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். கிருமி வரும்போது பணம் கொட்டுறது, போனதும் குழாயை மூடுறது, இந்தப் பழக்கம்தான் இந்தத் துறையில ஆள் நிக்காததுக்குக் காரணம். சம்பளம் கம்மிங்கறது ரெண்டாவது.

2002-03ல சார்ஸ் வந்துச்சு (அதுவும் ஒரு கொரோனா வைரஸ் நோய்தான்), 8000 பேருக்கு மேல தொத்திச்சு, 774 பேர் செத்தாங்க, அடங்கிடுச்சு, அதோட கொரோனா வைரஸ் ஆராய்ச்சிக்கான ஆர்வமும் அடங்கிடுச்சு. டெக்சாஸ்ல பீட்டர் ஹோட்டஸ் குழு சார்ஸுக்கு ஒரு தடுப்பூசி தயார் பண்ணி 2016 வாக்குல கையில வச்சிருந்தும் மனுஷங்ககிட்ட சோதிக்கப் பணம் கிடைக்கல, இதை அவரே 2020ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி சொன்னார். எபோலாவும் அதே கதை. கனடா அரசு லேப்ல உருவான தடுப்பூசி குரங்குகளைக் காப்பாத்துதுன்னு 2005லயே கட்டுரை வந்தாச்சு, மேற்கு ஆப்பிரிக்காவுல 11,000 பேருக்கு மேல செத்த அந்தப் பெரிய பரவல் வந்தப்பதான் மனுஷங்ககிட்ட முறையான சோதனையே ஆரம்பிச்சாங்க. இடையில கிட்டத்தட்ட அந்த 10 வருஷம் அந்த லேப்ல வேலை பழக வேண்டியவங்க எங்க இருந்திருப்பாங்கன்னு யோசிங்க.

இன்னொண்ணு, விலங்குகள்ல இருந்து தாவக்கூடிய வைரஸ்களைத் தேடுறதுக்காக அமெரிக்கா 2009ல ப்ரெடிக்ட்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சுது, பல நாட்டுல ஆளுங்களுக்குப் பயிற்சி குடுத்துச்சு, 2019 செப்டம்பரோட நிதி முடிஞ்சுது. கோவிட் வந்தது அந்த டிசம்பர்ல. அடுத்த ஏப்ரல்ல அவசர அவசரமா ஆறு மாசம் நீட்டிச்சாங்க. தாகம் எடுத்தப்புறம் கிணறு வெட்டுறதுன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க, இது வெட்டின கிணத்தை மூடிட்டு மறுபடி வெட்டுறது.

ப்ரோமெட் பத்தி இங்க சொல்லியே ஆகணும். 1994ல இருந்து உலகத்துல எந்த மூலையில விநோதமா ஒரு நோய் வந்தாலும் மொதல்ல எச்சரிக்கிற இமெயில் சேவை அது. 2003ல சார்ஸ், 2019 டிசம்பர் 30ல வூஹான் நிமோனியா ரெண்டுக்குமே உலகத்துக்கு சீக்கிரமா தகவல் சொன்னது அவங்கதான். 2023 ஆகஸ்ட்ல அங்க வேலை பாக்குற நிபுணர்கள்ல பல பேரு ஸ்ட்ரைக் பண்ணாங்க, வர வேண்டிய சொற்பக் காசுகூட ஒழுங்கா வரல, அமைப்பு எத்தனை நாள் ஓடும்னும் தெரியல. கோவிட் முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள இது.

சரி, எல்லாம் இப்படித்தானான்னா இல்ல. ஃப்ளூவுக்கு 1952ல இருந்து உலக சுகாதார நிறுவனம் ஒரு லேப் வலைப்பின்னல் வச்சிருக்கு, வருஷா வருஷம் சாம்பிள், வருஷா வருஷம் ரிப்போர்ட், யாரும் நியூஸ்ல பாராட்டாத வேலை. கோவிட் வந்தப்ப பல நாட்டுல மொதல்ல டெஸ்ட் பண்ண ஆரம்பிச்சது இந்த ஃப்ளூ லேபுங்கதான், ஏன்னா அங்க ஆள் இருந்தாங்க, கை பழகியிருந்துச்சு. அமைதியா இருக்குற காலத்துல இவங்களுக்கு என்ன வேலைன்னு உங்கள்ல ஒருத்தர் கூட்டத்துல கேப்பீங்க, எப்பவும் ஒருத்தர் கேப்பார். ஃப்ளூ, டெங்கு, ரேபிஸ், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா, சாக்கடைத் தண்ணி கண்காணிப்பு, இதுல எதுவும் லீவு எடுக்குறதில்ல.

அமெரிக்காவுல அலெக்சாண்டர் லாங்மியூர் 1951ல நோய்த் துப்பறியும் பயிற்சி ஆரம்பிச்சப்ப கொரியப் போர் பயம், யாராவது கிருமியை ஆயுதமா விடுவாங்களோன்னு. அந்தப் போர்ல அந்த ஆயுதம் வரல, ஆனா அந்த ரெண்டு வருஷப் பயிற்சி முடிச்சவங்க போலியோவுல இருந்து எபோலா வரைக்கும் ஓடினாங்க. அதே மாதிரி தாய்லாந்து 1980ல தன் சொந்தப் பயிற்சியை ஆரம்பிச்சுது, அப்புறம் பல நாடுகள். ரெண்டு லட்சம் பேருக்கு பயிற்சி பெற்ற ஒரு கள எபிடெமியாலஜிஸ்ட்னு உலக அளவுல ஒரு இலக்கும் இருக்கு. நல்ல விஷயம். ஆனா பயிற்சி குடுத்து சர்டிஃபிகேட்டோட போட்டோ எடுத்துட்டு, திரும்பிப் போனா உக்கார அவங்களுக்குப் பதவியே இல்லன்னா அந்த இலக்கு யாருக்கு?

எனவே என்னோட வேண்டுகோள். எல்லாரையும் நிரந்தரம் ஆக்குங்கன்னு கேக்கல, அது நடக்காதுன்னு எனக்கும் தெரியும். ஒவ்வொரு லேப்லயும் ஒவ்வொரு கண்காணிப்புப் பிரிவுலயும் ஒரு சின்ன மையக் குழுவை ப்ராஜெக்ட் பணத்துல இருந்து வெளிய எடுத்து வழக்கமான பட்ஜெட்டுக்குள்ள வைங்க. மத்தவங்களுக்கு கான்ட்ராக்ட்னா அஞ்சு வருஷம் குடுங்க, ஒரு வருஷ வேலைக்கு அஞ்சு வருஷ அனுபவம் கேக்குற விளம்பரத்தை தயவுசெஞ்சு நிறுத்துங்க. டெக்னீஷியனா சேர்ந்தவங்க டெக்னீஷியனாவே ரிட்டயர் ஆகாத மாதிரி ஏணி போடுங்க, பிஎச்டி இல்லாட்டியும் மேல ஏறலாம்னு. பரவல் நடுவுல ராப்பகலா வேலை பாத்தவங்களுக்குக் கட்டுரையில பேரு இருபத்தி எட்டாவதாத்தான் வரும், அதனால ப்ரமோஷனுக்கு கட்டுரை எண்ணிக்கையோட கள விசாரணை ரிப்போர்ட்டையும் எண்ணுங்க. புதுசா கிளம்புற நோய்கள்ல நாலுல மூணு பங்கு விலங்குகிட்ட இருந்துதான் வருதுன்னு மேடைக்கு மேடை சொல்றீங்க, அப்ப கால்நடை டாக்டரை விருந்தாளியா கூப்பிடாம வேலைக்கு எடுங்க. ஜீனோம் டேட்டா ஆளுங்களுக்கு ஐடி கம்பெனி அளவுக்கு உங்களால குடுக்க முடியாது, சரி, அடுத்த வருஷமும் வேலை இருக்கும்ங்கற உறுதியையாவது குடுங்க, அதுக்கே நிறைய பேரு வருவாங்க.

இன்சூரன்ஸ். இதைத் தனியா சொல்றேன். 2014ல சியரா லியோன்ல எபோலா பரவினப்ப 99 வைரஸ் ஜீனோம்களைப் படிச்சு ஒரு கட்டுரை வந்துச்சு, அது அச்சாகுறதுக்குள்ள அதை எழுதினவங்கள்ல அஞ்சு பேரு எபோலாலயே செத்துட்டாங்க, டாக்டர் ஷேக் உமர் கான் அதுல ஒருத்தர். சாம்பிள் எடுக்குற நர்ஸ், அதை ஓட்டிட்டுப் போற டிரைவர், பிண அறையில நிக்கிறவர், இவங்க யாரும் உங்க நிரந்தரப் பட்டியல்ல இல்லன்னா நாளைக்கு ஒண்ணு ஆனா அந்தக் குடும்பம் எந்த ஆபீஸ் படி ஏறும்? கான்ட்ராக்ட் ஆளுக்கும் நிரந்தர ஆளுக்கும் வைரஸ் வித்தியாசம் பாக்காது, உங்க பாலிசி மட்டும் ஏன் பாக்குது?

புதுக் கட்டடம் இப்ப வேண்டாம், புது சீக்வென்சரும் (ஜீனோமைப் படிக்கிற மெஷின்) வேண்டாம், பல இடத்துல ஏற்கெனவே இருக்குறதே கவர் போட்டு மூடிக் கிடக்கு. மொதல் வேலையா உங்க லேபுங்கள்ல யார் யாரோட கான்ட்ராக்ட் இந்த வருஷம் முடியுதுன்னு ஒரு லிஸ்ட் எடுங்க, அதுல அந்த ஃப்ரீசர் பெட்டியில எழுதியிருக்குறதைப் படிக்கத் தெரிஞ்சவங்க பேருக்கு எதிர்ல ஒரு டிக் போடுங்க, அவங்க ஃபைலை மொதல்ல நகர்த்துங்க.