'ரன்' என்றால் ஓடு மட்டுமா?

ஆசிரியருக்கு,

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஆறாம் தரப் பிள்ளை ஒருவன் போன மாதம் தன் ஆங்கிலக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான். தன் குடும்பத்தைப் பற்றி ஐந்து வசனம் எழுதியிருந்தான். "மை ஃபாதர் ரன்ஸ் எ த்ரீவீலர்" என்ற வசனத்தின் குறுக்கே சிவப்புப் பேனையால் ஒரு கோடு. பக்கத்தில் வேறொன்றும் எழுதப்படவில்லை.

"டீச்சர், அப்பா ஆட்டோதானே ஓடுறார்? 'ரன்' எண்டா ஓடுறதுதானே? என்ன பிழை?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது.

அவன் கேட்டது நியாயம். நம் நாட்டுத் தமிழில் நாங்கள் கார் ஓடுகிறோம், சைக்கிள் ஓடுகிறோம், லொறி ஓடுகிறோம். தமிழ்நாட்டில் 'ஓட்டுகிறோம்' என்பார்கள். இங்கே வண்டியும் ஓடும், மனிதனும் வண்டி ஓடுவான். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு 'டிரைவ்' என்று தனிச்சொல் இருக்கிறது. 'ரன்ஸ் எ த்ரீவீலர்' என்றால் ஆட்டோவை வைத்துத் தொழில் நடத்துகிறார் என்று பொருள்படும். அவனுடைய அப்பாவுக்கு அந்த ஆட்டோ சொந்தம், அதுதான் அவர் தொழில். அப்படிப் பார்த்தால் அந்த வசனம் முழுப் பிழைகூட இல்லை! ஆனால் இதையெல்லாம் அந்தக் கோடு அவனுக்குச் சொல்லவில்லை.

ஒரே இரவில் நாற்பது கொப்பி திருத்தும் ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். நானும் இப்படிக் கோடு கிழித்திருக்கிறேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அவன் கொப்பியின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ச் சொல்: ரன் – ஓடு, டேக் – எடு, மேக் – செய், கெட் – பெறு. மூன்றாம் தரத்தில் ஆங்கிலப் பாடம் தொடங்கிய நாளிலிருந்து இப்படிப் பாடமாக்கி வந்திருக்கிறான். டியூஷனிலும் இதே பட்டியல்தான். ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து என்று பிள்ளையின் மனதில் ஆணி அடித்துவிட்டு, பிறகு அந்த ஆணியில் அவன் தடுக்கி விழும்போது கோடு கிழிக்கிறோம்.

'ரன்' சின்னச் சொல்தான். ஆனால் ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதிக்காக அதைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு அந்த ஒரு சொல்லுக்கே ஏறக்குறைய ஒன்பது மாதம் பிடித்தது. வினையாக வரும்போது மட்டும் அதற்கு 645 பொருள் கண்டார்கள். 1989இல் வந்த அந்த அகராதியின் இரண்டாம் பதிப்பில் 430 பொருளோடு 'செட்' என்ற சொல்தான் முன்னுக்கு நின்றது. பின்னர் 'ரன்' அதை முந்திவிட்டது. இயந்திரங்கள் பெருகப் பெருக அந்தச் சொல்லுக்கு வேலையும் பெருகியது: எஞ்சின், மணிக்கூடு, ரயில், இன்று கணினி எல்லாமே 'ரன்' ஆகின்றன. தமிழிலும் அப்படித்தானே? மனிதனும் ஆறும் ஓடிய இடத்தில் இன்று மிசின் ஓடுகிறது, படம் ஓடுகிறது.

இங்கேதான் ஆசிரியர்களும் பெற்றோரும் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு சொல் பல பொருளில் வரும் என்பது தமிழ்ப் பிள்ளைக்குப் புதினம் இல்லை. 'ஓடு' என்று சொன்னால் அது கூரை ஓடா, முட்டை ஓடா, ஓடச் சொல்கிறோமா என்று நான்கு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் அதற்குப் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. பக்கத்தில் வரும் சொல்லை வைத்துப் பிடித்துக்கொள்கிறது. இதைத் தொல்காப்பியர் 'பலபொருள் ஒருசொல்' என்று பெயரிட்டு, வினையாலும் இனத்தாலும் சார்பாலும், அதாவது கூட வரும் வினைச்சொல், அதோடு சேர்ந்த இனச்சொல், பேசும் சந்தர்ப்பம் ஆகியவற்றால், பொருள் தெளியும் என்று எப்போதோ சொல்லிவிட்டார். அந்த மூன்றையும் ஆங்கில வகுப்புக்கும் எடுத்துப் போனால் போதும்.

அந்தப் பிள்ளையோடு நான் செய்தது அதைத்தான். பட்டியலை மூடிவைத்துவிட்டு, "எது ஓடுது?" என்று மட்டும் கேட்டேன். "தி மகாவலி ரன்ஸ் இன்டு கொட்டியார் பே" என்றேன். ஆறு ஓடுது, விளங்கியது. 335 கிலோமீற்றர் ஓடிவந்து நம்முடைய குடாவில் கலக்கும் ஆறு, அதைவிட நல்ல உதாரணம் வேறு எங்கே இருக்கிறது? பைப்பில் தண்ணீர் 'ரன்' ஆகும், தடிமன் வந்தால் மூக்கு 'ரன்' ஆகும், கொழும்பு ரயில் 'ரன்' ஆகும். இதுவரைக்கும் தமிழே அவனுக்குக் கைகொடுத்தது.

அடுத்தது தமிழ் ஒத்துவராத இடங்கள். 'ரன்ஸ் எ ஷாப்' என்றால் கடை நடத்துவது. புதுச்சட்டையின் 'கலர்' ரன் ஆனால் சாயம் போகிறது. 'தி ரோட் ரன்ஸ் டு நிலாவெளி' என்றால் வீதி அங்கே போகிறது. 'தி ஷிப் ரான் அக்ரவுண்ட்' என்றதும், துறைமுகத்து ஊர்ப் பிள்ளை அல்லவா, "கப்பல் தரைதட்டிட்டுது!" என்று நான் வாய் திறக்குமுன் சொல்லிவிட்டான். 'ரன் அவுட் ஆஃப் சுகர்' என்பதில்தான் நெடுநேரம் நின்றோம். கடற்கரையில் நாள்தோறும் கிரிக்கெட் விளையாடுகிறவனுக்கு 'ரன் அவுட்' என்றால் ஒன்றுதான். சீனி முடிந்துபோச்சு என்று விளங்கவைக்க, அடுப்படியிலிருந்த வெறும் சீனிப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினேன். அதற்குப் பிறகு அவனுக்கு அது மறக்காது.

அதற்காக 645 பொருளையும் பிள்ளைகளின் தலையில் கொட்டச் சொல்லவில்லை. அது பட்டியலைவிடக் கொடுமை. ஆறாம் தரத்துக்கு ஐந்தாறு போதும், ஒவ்வொன்றும் அவன் ஊரில் கண்ணால் கண்ட ஒரு வசனத்தோடு. மிச்சத்தை வாசிக்கும்போது தானே சந்திப்பான், சந்திக்கும்போது பயப்படமாட்டான். வீட்டில் அகராதி வாங்குபவர்களும், தமிழ்க் கருத்து மட்டும் அச்சிட்ட சின்ன அகராதியை விட்டு, உதாரண வசனம் உள்ள மாணவர் அகராதியாகப் பார்த்து வாங்குங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹோர்ன்பி என்பவர் இப்படிப் பிறமொழிப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தொகுத்த அகராதியை ஆக்ஸ்ஃபோர்ட் 1948இல் வெளியிட்டது. பின்னால் அந்த வழியில் பல வந்துவிட்டன.

அன்று போகுமுன் அவன் தன் வசனத்தைத் தானே திருத்தி எழுதினான்: "மை ஃபாதர் டிரைவ்ஸ் எ த்ரீவீலர். இட் ரன்ஸ் ஆன் பெட்ரோல்." இரண்டாவது வசனத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்கள் சிறுவர் பகுதியில் வாரம் ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஐந்து வசன இடம் ஒதுக்கித் தாருங்கள். உதாரணங்கள் நம் ஊர் ஆறு, வீதி, சந்தை, கடலிலிருந்தே வரட்டும். எழுதித் தர நான் ஆயத்தம். முதல் வாரம் 'கெட்' என்ற சொல்லோடு தொடங்கலாம். அந்தப் பிள்ளை இப்போது அதில்தான் நிற்கிறான்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
உவர்மலை,
திருகோணமலை